சேவியர் அண்ணனின் மைக்

போன வாரம் உங்கள் ஒத்திகைக்கு என்னை அழைத்திருந்தீர்கள். போண்டா சூடாக இருந்தது, பாட்டும் பரவாயில்லை. ஐந்து பேரும் எங்களைப் போலவே வாத்தியமே இல்லாமல், வாயாலேயே தாளமும் பிடித்து, நாங்கள் பாடிய அதே பழைய பாட்டுகளை எங்களைவிட வேகமாகப் பாடினீர்கள். பாராட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். வாசலுக்கு வரும்போது ஒன்றைப் பார்த்தேன். உங்களில் ஒருவர் மைக்செட்காரரின் காதருகே குனிந்து, ஓரத்தில் நிற்கும் பெண்ணின் மைக் சத்தத்தை மட்டும் கொஞ்சம் இறக்கிவிடச் சொன்னார். அந்தப் பெண் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். விருந்துக்கு வந்த இடத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்று நான் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். ஊருக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். யார் சொன்னது என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னவருக்குத் தெரியும்.

என்னை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. என் பெயர் கிரேஸ். பகலில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், மாலையில் நால்வர் குழு ஒன்றில் நடுக்குரல். இரண்டிலிருந்தும் ஓய்வு பெற்றாகிவிட்டது. நிறுவனத்தில் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். குழுவில் அதுவும் கிடையாது.

திருப்பூரில் சோல் பாட்டு பாடி யார் பிழைத்தார்கள் என்று கேட்காதீர்கள். பிழைக்கவில்லை, பாடினோம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பழகிய குரலை வெளியே கொண்டுவந்து காதலையும் பிரிவையும் பாடிய பாட்டுகள் அவை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வெளிநாட்டில் புதிய குரல் குழுக்கள் அந்தப் பழைய பாட்டுகளை மறுபடி எடுத்துப் பாடின. துணி வாங்க வரும் பையர்கள் காரில் அந்த சிடியைப் போட்டுக் கேட்பார்கள். பையருக்குப் பிடித்தது எதுவோ அது முதலாளிக்கும் பிடிக்கும், அது இந்த ஊர்ச் சட்டம். அப்படித்தான் ஓட்டல் விருந்துகளில் எங்களுக்கு மேடை கிடைத்தது.

குழுவைத் தொடங்கியது சேவியர் அண்ணன். தூத்துக்குடிக்காரர். கப்பலில் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா கொண்டுவந்த கேசட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். பிழைப்புக்குத் திருப்பூர் வந்தபோது துணிமணியைவிடக் கேசட்டுதான் பெட்டியில் அதிகம் இருந்ததாக அவர் மனைவி சொல்வார். நிட்டிங் மெஷின் ஃபிட்டர். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் சண்முகத்தின் பனியன் துணி பின்னும் யூனிட்டில் வேலை. சண்முகம் அந்த யூனிட்டின் முதலாளி, தோட்டம் துரவோடு வந்த குடும்பம், நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். எங்கள் அடிக்குரல் அவர்தான். மெஷின் ஓடும் ஹாலில் சேவியர் அவரை முதலாளி என்பார், ஒத்திகையில் தம்பி என்பார். நான்காவது ரூபி. மங்கலத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் பிழை கண்டுபிடித்துப் பழகிய கண், மனிதர்களையும் விடாது. பாட்டின் முன்குரல் அவள். அவளுக்கு மேலே, உச்சத்தில், நூல்போல ஒரு மெல்லிய குரல் போகும். அது சேவியர் அண்ணனுடையது. அந்தக் குரலுக்காகத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த உச்சக்குரல் ஒரு கட்டத்தில் சுருதியை விட்டு விலகத் தொடங்கியது. முதலில் அங்கொன்று இங்கொன்றாக. எனக்கும் காதில் பட்டது. வயதாகிறது, மேலே எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு, எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கினேன். இறக்கிய பிறகும் விலகியது. சண்முகத்துக்கும் ரூபிக்கும் விஷயம் என்னைவிட முன்பே புரிந்துவிட்டது. அண்ணனுக்குத் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, காதுதான் போய்க்கொண்டிருக்கிறது. ஆயுள் முழுக்க அந்த மெஷின்களின் இரைச்சலில் நின்றவர். மெல்லிய சத்தம்தான் முதலில் போகுமாம். பக்கத்தில் பாடும் ரூபியின் குரலே அவருக்குப் பாதிதான் எட்டியது.

இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. பாசத்தால் நடந்த தவறு, அதனால்தான் அது தவறு என்று யாருக்கும் படவில்லை. ஒரு பெரிய ஓட்டல் விருந்துக்கு முன்னால் சண்முகம் மைக்செட்காரரைத் தனியே கூப்பிட்டு, சேவியர் அண்ணனின் மைக்கை மட்டும் அடியோடு இறக்கிவிடச் சொன்னார். ரூபிக்கும் தெரியும். எனக்குச் சொல்லவில்லை, சொன்னால் மறுப்பேன் என்று பயம். மேடையில் நின்ற எனக்கு அண்ணன் குரல் நேரிலேயே கேட்டதால் சந்தேகம் வரவில்லை. அன்று பாட்டு அமோகமாக அமைந்தது. பையர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சேவியர் அண்ணன் எல்லோரையும்விடச் சந்தோஷமாகக் கும்பிட்டார்.

விருந்தை வீடியோ எடுத்தவர் ஆளுக்கொரு சிடி கொடுத்தார். அடுத்த ஒத்திகைக்கு வந்த சேவியர் அண்ணன் அந்த சிடியை மேஜைமேல் வைத்தார். உட்காரவில்லை. கோபமாகவும் இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஏன் தம்பி, இதுல நாலு பேரு நிக்கோம். மூணு பேரு சத்தந்தான் கேக்கு. எனக்குத்தான் காது போச்சுன்னு நெனச்சேன். எம் பிள்ளயக் கூப்பிட்டு, நீ கேளுன்னேன். அப்பா நீங்க வாயத்தான் அசைக்கீங்க, சத்தமே இல்லங்கா."

ரூபி தரையைப் பார்த்தாள். சண்முகம் எழுந்து, உங்கள் பேர் கெட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று முனகினார். முனகியது அண்ணனுக்குக் கேட்டிருக்காது. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். சரி என்று தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சண்முகத்தை என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. முதலாளி என்றும் பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணன் வேலைக்கு வந்தார். மெஷின்களைப் பார்த்தார், முதலாளி என்று கூப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஒத்திகைக்கு மட்டும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சண்முகம் தவித்துப் போனார். அண்ணனுக்கு நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தால் கோபம் தணியுமா என்று என்னிடம் கேட்டார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச வேண்டாம், சும்மா இருங்கள் என்றேன்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை நெருங்கியது. ஒவ்வொரு வருஷமும் பூஜையன்று சண்முகத்தின் யூனிட்டில் நாங்கள் பாடுவது வழக்கம். அந்த வருஷம் ஒரு வெளிநாட்டுப் பையரம்மாவும் வருவதாகச் சொல்லியிருந்தார். அண்ணனின் சுருதி விலகுவதற்கு முன்பே ஓட்டலில் எங்கள் பாட்டைக் கேட்டவர். மெதுவான ஒரு பாட்டை மட்டும் கட்டாயம் பாட வேண்டும் என்று கேட்டிருந்தார். விட்டுப் போகிறவளைத் தடுக்காமல் வழியனுப்பி வைக்கும் ஒருவனின் பாட்டு அது. அதில் இரண்டாவது சரணத்தின் வரிகளை சேவியர் அண்ணன் தனியாகப் பாடுவார், நாங்கள் மூவரும் பின்னால் ஹம்மிங் மட்டும் பிடிப்போம். கோயம்புத்தூரில் சர்ச் பாடகர் குழுவில் நல்ல பையன் ஒருவன் இருக்கிறான், இந்த ஒரு தடவைக்கு மட்டும் அவனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ரூபி சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பையனும் நன்றாகப் பாடுவான். ஆனால் அந்த ஒரு தடவைக்குப் பிறகு சேவியர் அண்ணன் இந்தக் குழுவுக்குள் திரும்ப வர வழியே இருக்காது. அவர் வேலை செய்யும் ஹாலிலேயே, அவர் கண்ணெதிரில், அவருடைய சரணத்தை இன்னொருவன் பாடுவது. நாலு பேராகப் பாடுவோம், இல்லையென்றால் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம். எப்படி என்று எனக்கும் தெரியாது.

அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பையில் ஆப்பிள் பழங்களைத் தூக்கிக்கொண்டு போய் நோயாளியைப் பார்ப்பதுபோல உட்கார எனக்கு மனமில்லை. நேரே நிட்டிங் ஹாலுக்குப் போனேன். ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் எல்லோருமே செவிடர்கள்தான், கையாட்டித்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே அண்ணனின் குறை யாருக்கும் தெரியாததில் ஆச்சரியமில்லை. அவர் மெஷின் மெஷினாகப் போய், ஒவ்வொன்றின் சட்டத்திலும் உள்ளங்கையை வைத்து, சற்று நின்று, அடுத்ததற்குப் போனார். ஒரு மெஷினில் கையை எடுக்காமல் நின்றார். ஓட்டுகிற ஒடிசாப் பையனிடம் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். உள்ளே ஓர் ஊசி உடைந்திருந்தது. துணியில் அப்போதுதான் கோடு விழத் தொடங்கியிருந்தது.

நான் அவர் காதருகே போய்க் கத்தினேன். அந்த ஹாலில் ஒரு வசதி, எதை எவ்வளவு கத்தினாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. அண்ணா, மேல்குரல் உங்களுக்கு இனிமேல் வராது, அதை விட்டுவிடுங்கள் என்றேன். ஆனால் உங்கள் சரணத்தை வேறு யாரும் பாடப்போவதில்லை, நீங்கள் வராவிட்டால் அந்தப் பாட்டே கிடையாது என்றேன்.

அண்ணனும் என் காதருகே கத்தினார்.

"இத மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா, கிரேஸு. எனக்குத் தெரியாதா? ஒங்களுக்குத் தெரிஞ்சிரப்புடாதேன்னு நான் பயந்துக்கிட்டு கெடந்தேன்."

அதற்கப்புறம் இருவருமே சிரித்துவிட்டோம். எனக்குக் கண்ணீரும் வந்தது. பஞ்சு பறந்து கண்ணில் விழுந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை ஒத்திகைக்கு வந்தார். காது டாக்டரைப் பார்த்தாயிற்று, கருவியும் வாங்கி வைத்திருக்கிறேன், பேச்சுக்கு அது உதவுகிறது, பாட்டுக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்றார். பாடும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம். அப்படியானால் சுருதிக்கு என்ன செய்வது என்று நாங்கள் விழித்தோம். சண்முகம் அதுவரை குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி ஓரமாக நின்றார். திடீரென்று நடந்து வந்து, சேவியர் அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, மெஷின்ல கைய வெச்சே ஊசி போனதச் சொல்லிப்போடறீங்க. என்னையும் ஒரு மெஷினுன்னு நெனச்சுக்குங்க."

சைஸைப் பார்த்தால் பொருத்தம்தான் என்றாள் ரூபி. அண்ணன் தயங்கினார். முதலாளியின் முதுகில் கை வைப்பதாவது என்று கூச்சம். சண்முகம் நகரவில்லை. அடிக்குரலில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தார். அண்ணன் உள்ளங்கையைத் தோள்பட்டைக்குக் கீழே வைத்தார், கொஞ்சம் நகர்த்தினார், இன்னும் கீழே வைத்தார். சரியான இடம் கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நிமிஷமே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. முதல் சில நாள் கேட்கச் சகிக்கவில்லை. தாளம்தான் முதலில் கைக்கு வந்தது, சுருதி பிந்தித்தான் வந்தது. உச்சக்குரல் பாட்டுகளில் பாதியை விட்டுவிட்டோம். அவருடைய சரணத்தை நன்றாகக் கீழே இறக்கி, சண்முகத்தின் குரலுக்குச் சற்று மேலே வைத்துக் கட்டினேன். நூல்போலப் போன குரல் இப்போது மண்ணில் நடந்தது. கேசட்டில் இருப்பது மாதிரியே இருக்க வேண்டும் என்று அதுவரை எங்களைப் பாடாய்ப்படுத்தியவர் அவர்தான். அவரே அதை மாற்றச் சம்மதித்தார். எனக்கு அந்தப் பாட்டு அதற்குப் பிறகுதான் புரிந்தது என்று சொல்வேன். போகிறவளை வழியனுப்பும் மனிதன் அவ்வளவு உச்சத்திலா பாடுவான்?

இன்றைக்குக் கோவை, ஈரோடு பக்கமெல்லாம் சில குழுக்கள், ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்து இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். யாரோ எங்களைப் பார்த்துவிட்டு, அது ஒரு டான்ஸ் ஸ்டெப் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நீங்களும் போன வாரம் செய்தீர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஹால் அமைதியாக இருப்பது வருஷத்தில் அன்று ஒரு நாள்தான். பொரியும் கடலையும் கையில் வாங்கிக்கொண்டு வேலையாட்கள் மெஷின்களுக்கு நடுவே நின்றார்கள். பையரம்மா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் யாரோ பொட்டு வைத்துவிட்டிருந்தார்கள். நான் மைக்செட்காரரிடம் போய், நாலு மைக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும், முதலாளியே வந்து சொன்னாலும் மாற்றக் கூடாது என்று எச்சரித்துவிட்டு வந்தேன். சண்முகத்தின் காதில் விழும்படியேதான் சொன்னேன்.

முதல் சரணம் ரூபி பாடினாள். இரண்டாவது சரணம் தொடங்கியது. சேவியர் அண்ணன் கண்ணை மூடி, சண்முகத்தின் முதுகில் கையை வைத்துப் பாட ஆரம்பித்தார். இரண்டு வரிகூட ஆகியிருக்காது. கரண்ட் போனது. மின்வெட்டுக் காலம் அது. ஜெனரேட்டரை அன்று பூஜைக்காகக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள், போடுவதற்கு ஆள் ஓடினார். மைக்குகள் செத்தன. எங்கள் வெறும் குரல் அந்தப் பெரிய ஹாலில் கரைந்து போனது.

வேலையாட்களுக்கு எங்கள்மேல் பிரியம். தங்கள் சேவியர் அண்ணன் பாடுகிறார், மைக் போய்விட்டது, சும்மா நிற்கலாமா? கைதட்டி உற்சாகப்படுத்தத் தொடங்கினார்கள். நம் ஊர்க் கைதட்டு தாளத்தின் முதல் அடியில் விழும். அந்தப் பாட்டின் கனமோ இரண்டாவது அடியில் இருக்கிறது. அதுவும் பஜனைக்குத் தட்டிப் பழகிய கை, போகப் போக வேகம் எடுத்தது. ரூபி அதோடு ஓடினாள். அவளைப் பிடிக்கப் போய் நானும் தாளத்தைத் தொலைத்தேன். பையரம்மா புருவத்தைச் சுருக்கினார். தட்டுவதை நிறுத்துங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்துவதா, அல்லது பாட்டை நிறுத்திவிட்டு ஜெனரேட்டர் வந்ததும் மறுபடி தொடங்குவதா? நிறுத்தினால் நிறுத்தியது அண்ணனுடைய சரணம். தன்னால்தான் நின்றது என்று அவர் நினைப்பார். அதற்குப் பிறகு அவரை எந்த மேடைக்கும் கொண்டுவர முடியாது.

பாதி தூக்கிய கையோடு அவர்கள் இருவரையும் பார்த்தேன். அண்ணன் கண்ணைத் திறக்கவே இல்லை. கைதட்டு அவருக்கு எட்டவில்லை. போன மைக்கும் எட்டவில்லை. ஒத்திகையில் பாடிய அதே நிதானத்தில் பாடிக்கொண்டிருந்தார். சண்முகத்தின் கால் கூட்டத்தோடு ஓடத் துடித்தது எனக்குத் தெரிந்தது, ஆனால் முதுகில் அண்ணனின் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அதை மீறி அவர் எங்கே போவார்? அடிக்குரலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையைக் கீழே போட்டேன். ரூபியின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளி, பாடுவதை நிறுத்து என்று சைகை காட்டினேன். இருவரும் வாயை மூடிக்கொண்டு, அந்த இரண்டு குரல்களோடு சேரும் இடத்துக்காகக் காத்திருந்தோம்.

எங்கள் குரல் நின்றதும் முன்வரிசையில் இருந்தவர்கள் கூர்ந்து கேட்கத் தொடங்கினார்கள். தட்டுவது குறைந்தது. பின்னால் இருந்தவர்களும் நிறுத்தினார்கள். அண்ணனின் குரல் பெரிய குரல் இல்லை, ஆனால் மெஷின்கள் ஓயாமல் ஓடும் அந்த ஹாலின் கடைசி வரைக்கும் அன்று அது கேட்டது. சரணத்தின் கடைசி வரியில் நானும் ரூபியும் சேர்ந்துகொண்டோம். நால்வருமாக முடித்தோம். கைதட்டு எழுந்தது.

சேவியர் அண்ணன் கண்ணைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம்தான் மின்விசிறி நின்றிருப்பதையும், மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்திருப்பதையும் பார்த்தார். முகம் மாறியது. சண்முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"கரண்டு எப்ப தம்பி போச்சு?"

சண்முகம் என்னைப் பார்த்தார். பாட்டு முடிந்ததும்தான் போனது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிக்கு வந்ததை நான் பார்த்தேன். அதை விழுங்கிவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். அண்ணன் காதைக் கையால் காட்டி, கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லு என்றார். கருவி சட்டைப் பையில் இருந்தது. ஹாலில் கைதட்டு ஓய்ந்து எல்லோரும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் ஆட்கள், தன் பையர், தன் மெஷின்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று சண்முகம் தன் கனத்த குரலில் கத்தினார்.

"ஆரம்பத்துலயே போயிருச்சுங்கண்ணா. நாங்க மூணு பேரும் தொலஞ்சு போயிட்டோம். நீங்கதானுங்க எங்களக் கூட்டிட்டு வந்து சேத்துனீங்க."

அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அதான பாத்தேன், ஒம்ம முதுகு ஏன் இந்த வேர்வ வேர்க்குன்னு."